கேட்டு வாங்கிய தனி வகுப்பு

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிற அந்தக் குப்பத்துக்கு எதுவும் தனியாக இருந்தால்தான் தூக்கம் வரும். தனி மாரியம்மன், தனித் தேர், தனிச் சுடுகாடு. ரேஷன் கடை பக்கத்து ஊரோடு சேர்ந்திருந்த காலத்தில் ஈசிஆர் ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்துத் தனிக் கடை வாங்கினார்கள். அந்தச் சூட்டோடு தனி ஓட்டுச்சாவடியும் வாங்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்திலும் தங்கள் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு கேட்டு வாங்கியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வாங்கிய அன்று கோயில் வாசலில் பட்டாசு வெடித்தார்கள்.

வைஜெயந்தி அந்த நேரம் வானூரில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்திருந்தால் அவளும் சேர்ந்து கை தட்டியிருப்பாள், அதை மறைப்பானேன். அவள் மகள் பூஜாவும் அந்த வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளைதான்.

நடந்தது இதுதான். உப்பள முதலாளி பலராமன் தன் அப்பா சக்கரபாணியின் பெயரில் ஒரு மெட்ரிக் பள்ளி நடத்துகிறார். தனியார் பள்ளிகளில் சேர்க்கிற இடங்களில் நாலில் ஒன்றை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பீஸ் அரசாங்கத்தின் பொறுப்பு. குலுக்கலில் பூஜாவின் பெயர் வந்தபோது வைஜெயந்தி கூடையில் இருந்த சங்கரா மீனை அக்கம்பக்கத்துக்கெல்லாம் சும்மாவே கொடுத்தாள். எல்கேஜி, யூகேஜி இரண்டும் நல்லபடியாகப் போயின. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக மூக்கு ஒழுகின.

ஒன்றாம் வகுப்பில்தான் வம்பு வந்தது. ரோட்டோரம் புதிதாக மனை வாங்கிக் குடிவந்தவர்கள் சிலர், குப்பத்துப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் மீன் நாற்றம் அடிக்கிறது என்று பள்ளியில் போய்ச் சொன்னார்கள். வகுப்பு டீச்சர் குப்பத்துப் பிள்ளைகளை எழுப்பி ஜன்னல் ஓரத்துக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். சேதி குப்பத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஆண்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏறிப் பள்ளிக்குப் போனார்கள். முன்னால் போனவர் ஊர்த் தலைவர் சிங்காரம். வைஜெயந்தியின் கணவன் அரவிந்தனுக்கு அவர் பெரியப்பா முறை.

பலராமன் கோபக்காரர்களைக் கையாளத் தெரிந்தவர். எல்லாரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நடந்தது தப்பு என்றார், உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்றார். சிங்காரம் மீசையைத் தடவிக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் எவன் வீட்டுப் பிள்ளைக்குப் பின்னாலும் உட்காராது, எங்களுக்கென்று தனி ரூம், தனி டீச்சர் வேண்டும் என்று கேட்டுவிட்டார். பலராமனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. தானாகச் செய்தால் எங்கே பிரச்சினை ஆகுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்த காரியத்தை எதிராளியே வந்து மிரட்டிக் கேட்கிறான். மனிதர் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டை வரவழைத்து அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார். தாம்பூலம் மாறிய பிறகு பேச்சை மாற்றுவது குப்பத்து வழக்கத்தில் இல்லை. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு அறை தயாரானது. ஊரார் பெருமையோடு ஃபேன் வாங்கி மாட்டினார்கள். ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது படிக்கிற குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அதில், ஒரே டீச்சரிடம். அவர்களுக்கு இன்டர்வல் தனி நேரம், சாப்பாடு தனி நேரம். சிங்காரம் ரிப்பன் வெட்டினார்.

பூஜாவும் தினம் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வந்தாள். ஒரு சாயங்காலம் குளிக்கப் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. வைஜெயந்தி எட்டிப் பார்த்தால் பிள்ளை சோப்பைக் கையிலும் கழுத்திலும் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தோல் சிவந்துபோயிருந்தது.

"என்னாடி பண்ற?"

"வாசனை போனா பழைய கிளாஸ்ல விட்டுடுவாங்களாம்மா?"

வைஜெயந்தி சோப்பைப் பிடுங்கிப் பிள்ளையைத் துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மீன் விற்பதற்கு ஒருநாளும் கூசாதவள் அவள். வானூர்த் தெருக்களில் அவள் குரல் கேட்டால் வக்கீல் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அவர்கள் சாப்பிடும்போது மணக்கிற மீன் தன் பிள்ளை மேல் மட்டும் எப்படி நாறும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் பூஜா தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைஜெயந்தி பள்ளிக்குள் நுழைந்தாள். தகர அறையில் டீச்சர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் அடித்துக் குப்பத்துப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினால் அங்கே வேறு ஒரு பிள்ளை இல்லை. பூஜாவின் பழைய சிநேகிதி நிவேதா கட்டடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டாள்.

வைஜெயந்தி நேரே தலைமை ஆசிரியை தையல்நாயகியிடம் போனாள். தையல்நாயகி கண்டிப்பானவர், ஆனால் சம்பளத்துக்கு இருப்பவர். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டு முதலாளி செய்துகொடுத்தது, இதில் நான் என்ன சொல்ல முடியும் என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை வைஜெயந்திக்குப் போதுமானதாக இருந்தது.

வானூரில் அவளுடைய வாடிக்கைக்காரி வக்கீல் லூர்துமேரி. கோர்ட்டில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்குப் பார்த்துக் கொடுப்பவர், வெள்ளிக்கிழமை தவறாமல் காணாங்கெளுத்தி வாங்குபவர். அந்த வெள்ளிக்கிழமை வைஜெயந்தி மீனை எடுக்காமல் விஷயத்தை எடுத்தாள். லூர்துமேரி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கட்டாயக் கல்விச் சட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் உட்காரவைக்கக் கூடாது, வேறு நேரத்தில் வகுப்பு நடத்தக் கூடாது, புத்தகத்திலும் விளையாட்டிலும் வித்தியாசம் காட்டக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது என்றார். தனியார் பள்ளிக்கும் அது பொருந்துமா என்று கேட்டதற்கு, தனியார் பள்ளிக்காகவே எழுதியது அது என்று சொல்லிச் சிரித்தார்.

வைஜெயந்திக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"பெத்தவங்களே கேட்டு வாங்கியிருந்தாங்கன்னா?"

"பெத்தவங்க கேட்டாலும் செல்லாது, ஊரே கேட்டாலும் செல்லாது. சேந்து உக்கார்றது புள்ளையோட உரிமை. அதை விட்டுக்கொடுக்க வேற யாருக்கும் பாத்தியதை இல்லம்மா."

அன்று மீதி மீனை வைஜெயந்தி எப்படி விற்றாள் என்று அவளுக்கே நினைவில்லை. லூர்துமேரி எழுதித் தந்த மனுவில் கையெழுத்துப் போட்டு, விழுப்புரத்தில் தனியார் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் கல்வி அலுவலரின் ஆபீசில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போகும்போது அரவிந்தனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் அதிகம் பேசாதவன். ஊர் சும்மா விடாது என்றான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். அவ்வளவுதான்.

ஊர் சும்மா விடவில்லை. ஆபீசிலிருந்து பள்ளிக்குப் போன் வந்தது. பலராமன் சிங்காரத்துக்குப் போன் போட்டு, தாம்பூலம் மாற்றிய பிறகு இது என்ன நியாயம் என்று கேட்டார். சிங்காரத்துக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அன்று வெயில் இறங்கியதும் மாரியம்மன் கோயில் மைக்கில் அரவிந்தன் பெயரைச் சொல்லிப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கோயில் மண்டபத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வேப்பமரத்தடியில் நின்றார்கள். பஞ்சாயத்தில் பெண்கள் கேட்கலாம், பேசக் கூடாது. அவர்களுக்காக வீட்டு ஆம்பளை பேசுவான். அரவிந்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். ஊர் கொடுத்த வாக்கை உன் பெண்டாட்டி அதிகாரியிடம் போய் உடைத்துவிட்டாள், நாளைக்கே மனுவைத் திரும்ப வாங்க வேண்டும், வாங்காவிட்டால் உன் படகு கடலில் இறங்காது என்றார்கள். படகு இறங்காவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"உன் பதில் என்னா?" என்று சிங்காரம் கேட்டார்.

அரவிந்தன் தரையைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

"மனு கொடுத்தது அவதான், பெரியப்பா. அவளையே கேளுங்க."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. இது என்ன புதுப் பழக்கம் என்று ஒருவர் சத்தம் போட்டார். வைஜெயந்தி அதற்குள் மரத்தடியை விட்டு நடந்து வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவன் பக்கத்தில் நின்றாள். பயம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் சோப்புப் போட்டுத் தேய்த்த அந்தச் சின்னக் கை கண்ணுக்குள் நிற்கும்போது பயத்துக்கு அங்கே இடம் கொஞ்சம்தான்.

புதுப் பழக்கம் இல்லை, இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பொம்பளை பேசியிருக்கிறாள் என்று ஆரம்பித்தாள். எல்லாருக்கும் அது தெரிந்த கதைதான். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் அவன் பிள்ளை தலையெடுக்கிற வரைக்கும் அந்தப் படகில் அவன் பங்கைத் தொடர்ந்து எடுத்துவைக்க வேண்டும், அதுதான் அந்தக் குப்பத்துச் சட்டம். சிங்காரத்தின் அப்பா ஒரு புயலில் போனார். தேர் செய்யப் பணம் போதாத ஒரு வருஷம், பையனின் பங்கைக் கோயிலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர் முடிவு செய்தது. அப்போது அவருடைய அம்மா செல்லம்மாள் இதே மண்டபத்துக்கு வந்து நின்றாள்.

"அன்னைக்கு அவங்க என்னா சொன்னாங்க மாமா? 'அது என் புள்ள பங்கு. பெத்த எனக்கே அதைத் தூக்கிக் கொடுக்க உரிமை இல்ல, உங்களுக்கு எப்படி வந்துச்சு'ன்னு கேட்டாங்க. ஊரு அந்தப் பங்கைத் தொடல. அந்தப் பங்குல சாப்பிட்டு வளந்துதான் நீங்க இன்னைக்குத் தலைவரா உக்காந்திருக்கீங்க."

சிங்காரம் மீசையைத் தடவப் போன கையைக் கீழே இறக்கினார்.

"மத்த புள்ளைங்களோட சேந்து உக்காந்து படிக்கிறது பூஜாவோட பங்கு. சட்டம் அவளுக்குப் போட்டுக் கொடுத்த பங்கு. அதை வெத்தலை மேல வச்சுக் கொடுத்துட்டு வந்துட்டீங்க. யார் பங்கை யாருக்குக் கொடுத்தீங்க மாமா?"

சத்தம் போட்டவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். சிங்காரம், தனியாக வைத்தால் மரியாதை என்றுதான் கேட்டேன், நம் கோயில் தனி, நம் கடை தனி, அதுபோல என்று நினைத்தேன் என்றார். அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"கடை தனியா இருந்தா நமக்கு மரியாதைதான் மாமா, அது நம்ம ஊருக்குள்ள வந்துச்சு. இது அப்படி இல்ல. அங்க நம்ம புள்ளைங்களைக் கொண்டுபோய் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால வச்சிருக்காங்க. மேல நாத்தம் அடிக்குதுன்னு என் பொண்ணு தோல் சிவக்கச் சிவக்கத் தேச்சுக் குளிக்கிறா."

மரத்தடியிலிருந்து இன்னொரு பெண், தன் பையனும் ஸ்கூல் பேக்கில் பவுடர் டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறான் என்றாள். இன்னொருத்தி ஏதோ சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டாள். பேசக் கூடாது என்று அவர்களை யாரும் தடுக்கவில்லை. சிங்காரம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கிழவர் அழுகிறாரா வியர்வையைத் துடைக்கிறாரா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஊரில் அந்த மட்டுக்கு மரியாதை இருந்தது.

"தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார்.

எந்தத் தலைவரும் இதுவரை அப்படிச் செய்ததில்லையே, ஊர் மானம் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார். சிங்காரம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பதில் சொன்னார். தப்பாகக் கொடுத்தவன் நான், திருப்பிக் கொடுப்பவனும் நானே, ஊர் பேசாமல் கூட வந்தால் போதும் என்றார். அரவிந்தன் படகைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

மறுநாள் காலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, வெற்றிலைத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு சிங்காரம் பள்ளிக்குள் நடந்தார். இந்தத் தடவை பெண்களும் கூட வந்தார்கள். வைஜெயந்தி அவருக்குப் பின்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தாள். பலராமன் வழக்கம்போல டீ சொன்னார். சிங்காரம் வேண்டாம் என்றார். தட்டை மேஜை மேல் வைத்து முன்னால் நகர்த்தினார்.

பலராமன் தட்டையும் பார்த்தார், ஆட்களையும் பார்த்தார். நீங்கள்தானே கேட்டீர்கள், நாலு பேர் சாட்சி இருக்கிறார்களே என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. பிள்ளைகளைக் கலந்தால் ரோட்டோரத்துக்காரர்கள் டிசி வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே என்கிற பயம்தான் அவருக்கு. அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். உப்பளத்தில் உப்பேறிய பதம் பார்த்துத்தான் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுகிறோம், எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் உப்பு விளையாது, அதுபோலத்தான் இதுவும் என்று தன் தொழிலிலிருந்து நியாயம் எடுத்து வைத்தார்.

"கேட்டது நாங்க, அது எங்க தப்பு" என்றார் சிங்காரம். "கேட்டதும் கொடுத்தீங்க பாருங்க, அது உங்க தப்பு. என் தப்பை நான் எடுத்துக்கிட்டேன். உங்களுதை நீங்க எடுத்துக்குங்க."

கதவோரம் நின்ற தையல்நாயகி அப்போது உள்ளே வந்தார். ஏ பிரிவிலும் பி பிரிவிலும் இடம் இருக்கிறது, பெஞ்சு நேற்றே எண்ணி வைத்துவிட்டேன் என்றார். அதிகாரி வந்து சொல்லி மாற்றினால் பள்ளியின் அங்கீகாரத்துக்கே கேள்வி வரும், நாமே மாற்றினால் நமக்கு நல்லது என்றார். பிறகு முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்து, "அது உப்புங்க சார், இது புள்ளைங்க" என்றார். சம்பளத்துக்கு இருப்பவர் இப்படிப் பேசியதில் பலராமன் அசந்துபோனார். வைஜெயந்திக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பலராமன் பேனாவை உருட்டினார். வெளியே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்றார்.

தகர அறையிலிருந்து பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஊர் மாட்டிய ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, அது பள்ளிக்கூடத்துக்கே இருக்கட்டும், நம் பிள்ளைகளும் இங்கேதானே இருக்கப் போகிறார்கள் என்றார் சிங்காரம். மற்றவர்கள் கிளம்பினார்கள். வைஜெயந்தி மட்டும் ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவின் ஜன்னலோரம் நின்றாள். நிற்கக் கூடாது என்று தெரியும், காலைத்தான் நகர்த்த முடியவில்லை.

பூஜா வாசலில் தயங்கி நின்றாள். நிவேதா இருந்த பெஞ்சில் இடம் இல்லை. டீச்சர் இரண்டாவது வரிசையைக் காட்டினார். அங்கே குண்டுக் கன்னத்தோடு ஒரு பையன் பெஞ்சு முழுக்கத் தன்னுடையது மாதிரி உட்கார்ந்திருந்தான். பூஜா பக்கத்தில் போனதும் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் யாரோ பேசியதைக் கேட்டு வந்த பிள்ளை, பாவம். ஊரைக் கூட்டி, அதிகாரியிடம் போய், தாம்பூலத்தையே திருப்பிக் கொடுத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. ஆனால் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் பிள்ளை தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. வைஜெயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூஜாவைக் கூப்பிட வாயெடுத்தாள்.

பூஜா அம்மாவைப் பார்க்கவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"எங்கம்மா மீன் விக்கிறாங்க. நீ மீன் சாப்பிடுவியா?"

பையன் மூக்கை விடாமலே யோசித்தான். "வறுத்தா சாப்பிடுவேன்."

"அப்ப நகரு. நான் உக்காரணும்."

பையன் மூக்கை விட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.